அத்தாவுக்கு ஒரு ‘ன்’ கூடிய கதை

அலுவலகத்தில் என்னிடம் ஜூனியராகச் சேர்ந்த செல்வியே இப்போது ஓய்வு பெற்றுவிட்டாள். போன மாதம் தன் மகளைக் கூட்டிக்கொண்டு தென்காசியில் என் வீட்டுக்கு வந்தாள். மகள் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாளாம். ஆங்கில நாவல்களில் முஸ்லிம் பெண்களை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்பது தலைப்பு. பையிலிருந்து ஒரு பழைய நாவலின் நகலை எடுத்து என் முன்னால் வைத்தாள். லண்டனில் அச்சானது, கதை நடப்பது குற்றாலத்தில்.

“பெரியம்மா, நீங்க அந்தக் காலத்துல இங்கனயே இருந்தவங்க. இதுல வார மும்தாஜ் மாதிரி நெசமாவே பொண்ணுங்க இருந்தாங்களா? வாயே தொறக்காம?”

“இத டைப் அடிச்சதே நாந்தாம்மா” என்றேன்.

பெண்ணுக்குக் கண்கள் விரிந்தன. முந்நூறு பக்கம் ஆராய்ச்சி எழுதியவளுக்கு, நாவலை யாரோ ஒருத்தி அடித்திருப்பாள் என்று தோன்றவே இல்லை. செல்விதான் சொன்னாள்: “அப்படியே எழுதிக் குடுத்திருங்கக்கா. நம்ம ஓய்வூதியர் மலருக்கும் ஆச்சு.” நாற்பது வருஷம் பிறர் எழுதியதை அடித்தவளுக்குச் சொந்தமாக நாலு வரி எழுத வருமா என்று பார்க்க எனக்கும் ஆசைதான்.

என் பெயர் மைதீன் பாத்து. எங்கள் தெருவில் மைதீன் பாத்துகள் ஆறு பேர். மும்தாஜ் ஒருத்திகூடக் கிடையாது. என் அத்தா கொழும்பில் ஒரு துணிக்கடையில் முப்பது வருஷம் நின்றவர். வெளியூர்க்காரர்கள் குழம்பக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்: நாங்கள் அப்பாவை அத்தா என்போம், அப்பாவின் தம்பியைச் சின்னத்தா என்போம். கடைக்கு எதிரே ஓர் அலுவலகத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து டைப் அடிப்பதை அத்தா முப்பது வருஷமும் பார்த்திருக்கிறார். முட்டி வலி வந்து ஊர் திரும்பியபோது பெட்டியில் எனக்குச் சேலை இல்லை, வளையல் இல்லை. “ஏட்டி பாத்து, நீ டைப் படிக்கணும்” என்ற ஒரு யோசனை மட்டும் கொண்டு வந்தார். நான் அவருடைய நாற்பத்தாறாவது வயதில் பிறந்த கடைக்குட்டி. அத்தா ஊர் திரும்பும்போது அம்மா உயிரோடு இல்லை.

சின்னத்தா குதித்தார். “பொம்பளப் புள்ளைய மாடியில ஏத்தி ஆம்பளைகளோட தட்டவிடப் போறீயளாண்ணே? நாளைக்கு எவன் கட்டுவான்?”

“கட்டுதவன் கட்டட்டும். அதுவரைக்கும் தட்டட்டும்” என்றார் அத்தா. ஆனால் ஊர் வாயை அடைக்க ஒரு நிபந்தனையைத் தனக்குத்தானே போட்டுக்கொண்டார். நான் எங்கே போனாலும் கூட வருவார். நான் உள்ளே அடிக்கும்வரை வெளியே உட்கார்ந்திருப்பார். இந்த நிபந்தனையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லண்டன் வரைக்கும் போகப்போவது இதுதான்.

டைப் இன்ஸ்டிடியூட் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது. கோபுரம் அப்போது மொட்டையாக நின்ற காலம். ஆனால் கோபுர வாசல் காற்றுக்குக் குறைவில்லை. பேப்பர்மேல் கல் வைக்காவிட்டால் பரீட்சைத் தாள் தேர்முட்டிக்குப் போய்விடும். லோயர், ஹையர் பரீட்சைகள் என்று இரண்டு வருஷம் ஓடியது. அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது சங்கரலிங்கம் சாரைப் பற்றித்தான்.

சார் யாரையும் திட்டமாட்டார். நெற்றி நிறைய விபூதியும் காதில் ஒரு சிவப்புப் பென்சிலுமாக வருவார். அடித்த தாளை வாங்கி, மூலத்தைப் பக்கத்தில் வைத்து, கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்குத் தலைகீழாகப் படிப்பார். “முன்னாலேர்ந்து படிச்சா அர்த்தம் வந்து கண்ண மறைக்கும்மா. பின்னாலேர்ந்து படி, எழுத்து மட்டுந்தான் தெரியும்” என்பார். எங்களையும் அப்படியே பழக்கினார். சொல்லைப் பார், பொருளைப் பார்க்காதே. இதில் நான் வகுப்பிலேயே முதலாவதாக வந்தேன்.

ஒரே ஒரு முறை தவறினேன். ஒரு வக்கீல் கிரயப் பத்திர நகலை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருந்தார். நிலத்தோடு சேர்த்து ‘தண்ணீர் இல்லாத கிணறு’ என்று இருந்தது. தண்ணீர் இல்லாத கிணற்றை எந்தப் பைத்தியக்காரன் விற்பான், எவன் வாங்குவான் என்று நினைத்து, ‘தண்ணீர் உள்ள கிணறு’ என்று நானாகத் திருத்தி அடித்துவிட்டேன். சார் தலைகீழாகப் படித்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் பென்சிலை எடுத்தார்.

“பாத்து, பத்து வருஷமா வறண்டு கெடக்க கெணத்துல ஒரு நிமிசத்துல தண்ணி ஊத்திட்டியே. வாங்குதவன் வாளியோட வந்து நின்னா நானா போயி எறைச்சுக் குடுப்பேன்? தபால்காரன் கடுதாசியப் பிரிச்சுத் திருத்துதானா? காப்பியில என்ன கெடக்கோ அத அடி.”

அன்றிலிருந்து நான் ஓர் எழுத்தை மாற்றியதில்லை. பின்னால் அரசாங்க வேலையில் எத்தனையோ அதிகாரிகளின் அபத்தங்களைக் கமா பிசகாமல் அடித்திருக்கிறேன். ஒருத்தர் ஒரே கடிதத்தில் ஒரு பாலத்தைக் கட்டி முடித்து, அடுத்த பத்தியில் அதற்கு அடிக்கல் நாட்டினார். அதையும் அடித்தேன்.

ஐம்பதுகளின் கடைசி. சாரல் தொடங்கியிருந்தது. குற்றாலத்தில் ஐந்தருவி போகும் பாதையில் ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்திருந்த துரைசாணி ஒருத்தி இன்ஸ்டிடியூட்டுக்கு ஆள் அனுப்பினாள். செங்கோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் மேனேஜராக இருந்து இறந்துபோனவரின் மனைவி. வெள்ளைக்காரர்கள் எல்லாம் கப்பலேறிய பிறகும் இவள் போகவில்லை. நாவல் எழுதுகிறாள், லண்டனில் அச்சுப் போடுகிறார்கள் என்றார்கள். சார் என்னை அனுப்பினார். நான் போனால் அத்தாவும் வரவேண்டும். காலை பஸ்ஸில் இரண்டு பேரும் போய் இறங்குவோம்.

பங்களா வரைக்கும் பாதை முழுக்கப் பாசி பிடித்த கல். அத்தா முன்னால் போவார், குடை நுனியால் ஒவ்வொரு கல்லாகத் தட்டி, வழுக்குகிறதா என்று பார்த்து, “இதுல கால் வையி” என்பார். நான் மூன்றடி பின்னால் போவேன். நான் உள்ளே உட்கார்ந்ததும் அவர் எதிரே பலாமரத்தடியில் கிடந்த கல்லில் குடையை விரித்துக்கொண்டு உட்காருவார். மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் அவருக்கு நிம்மதி. சத்தம் நின்றால் எழுந்து வந்து ஜன்னலில் எட்டிப் பார்ப்பார். “என்னட்டி, கை வலிக்கா?” சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்ப்பார், நகக்கண் வீங்கியிருக்கிறதா என்று. வேலை முடிந்ததும் நான் வாசலில் நின்று கூப்பிடுவேன்: “அத்தா, போவமா?”

வேலை லேசில்லை. மேலே கனத்த தாள், கீழே இரண்டு மெல்லிய தாள், இடையில் இரண்டு கார்பன். சாரல் ஈரத்தில் தாள் சுருண்டு கார்பன் ஒட்டிக்கொள்ளும். ஓர் எழுத்து பிசகினால் மூன்று தாளிலும் தனித்தனியாக அழிக்க வேண்டும். அதனால் அடிக்கும்போது நான் வாய் திறப்பதே இல்லை. பேச்சுக் கொடுத்தால் விரல் தடம் மாறும். துரைசாணி ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவேன். அவள் பச்சை மையில் கோழிக் கிறுக்கலாக எழுதுவாள். ‘ஏ’யும் ‘ஓ’வும் ஒரே மாதிரி இருக்கும். எழுத்தைப் பிடிப்பதற்கே உயிர் போய்விடும். இதில் கதை என்ன என்று யார் பார்த்தது?

ஆனாலும் சில சொற்கள் கண்ணில் படாமல் போகுமா? மும்தாஜ் என்று ஒருத்தி. கறுப்பு முக்காடு. சித்திர வேலைப்பாடு செய்த மரச் சல்லடை ஜன்னல். முற்றத்தில் பேரீச்ச மரம். எங்கள் பெண்கள் போர்த்தியது வெள்ளைத் துப்பட்டி. எங்கள் வீட்டு ஜன்னலில் சாரலுக்காகச் சாக்கு தொங்கியது. பேரீச்சையை நாங்கள் பார்ப்பது நோன்பு மாசத்தில், பொட்டலத்தில். ஓர் அத்தியாயத்தில் ஒரே நாளில் ஏழு தடவை தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். எங்களுக்கு ஐந்து தடவைதான், மார்க்கம் அதற்குமேல் கேட்கவில்லை. நான் ஏழையும் அடித்தேன். இது அரேபியா பக்கத்துக் கதை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாவது அத்தியாயம். மும்தாஜ் சல்லடைக்குப் பின்னால் உட்கார்ந்து பூவேலை செய்கிறாள். அவள் புருஷன் ஒரு கிழவன். மரத்தடியில் குடையோடு காவல் இருக்கிறான். அவள் கொலுசுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவன் கட்டளை. ‘கொலுசு நின்றது. உடனே ஜன்னலில் அந்தக் கிழட்டு முகம் தோன்றியது’ என்ற வரியை அடித்து, பக்கம் முடிந்ததால் தாளை உருவ நிறுத்தினேன்.

“என்னட்டி, கை வலிக்கா?”

ஜன்னலில் அத்தா.

நான் அவரைப் பார்த்தேன். தாளைப் பார்த்தேன். மறுபடியும் அவரைப் பார்த்தேன். “ஒண்ணுமில்ல, அத்தா” என்றேன். அவர் போய் உட்கார்ந்ததும், சார் சொல்லிக் கொடுத்ததற்கு நேர்மாறாக, முதல் தாளை எடுத்து முன்னாலிருந்து படிக்க ஆரம்பித்தேன். எல்லாம் இருந்தது. அவன் எஜமானைப்போல முன்னால் போகிறான், அவள் மூன்றடி பின்னால் போகிறாள். தினமும் மாலையில் அவள் விரல்களைப் பிடித்துச் சோதிக்கிறான், யாருக்காவது கடிதம் எழுதிய மைக்கறை இருக்கிறதா என்று. என் விரலில் மைக்கறை எப்படி இல்லாமல் இருக்கும்? கார்பன் தாளைக் கொடுத்ததே துரைசாணிதான்!

சமையல்காரர் சாமுவேல் அண்ணாச்சியிடம் மெதுவாக விசாரித்தேன். அவர் தலையைச் சொறிந்தார்.

“அம்மா ஒரு நோட்டு வச்சிருக்கால்லா, தமிழ் வார்த்தை எழுதுத நோட்டு? இங்க பொண்டாட்டிமாரு புருசன எப்படிக் கூப்பிடுவாவன்னு கேட்டா. அத்தான்னு கூப்பிடுவாவன்னு சொன்னேன். சினிமாவுல அப்படித்தானம்மா கூப்பிடுதாவ?”

அவ்வளவுதான் விஷயம். பேச்சில் நாம் கடைசி ‘ன்’னை முழுசாகவா சொல்கிறோம்? பாதி மூக்கிலேயே நின்றுவிடும். நான் தினம் சாயங்காலம் வாசலில் நின்று “அத்தா, போவமா?” என்று கூப்பிட்டதற்கு, துரைசாணி தன் நோட்டிலிருந்து ஒரு ‘ன்’ எடுத்து ஒட்டிக்கொண்டாள். அந்த ஒட்டில் எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

இப்போது சிரிக்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை. எனக்காகத் தெருவோடு சண்டை போட்ட மனுஷனைச் சிறைக்காவலனாக்கி, அதையும் என் விரலாலேயே மூன்று பிரதி எடுக்க வேண்டும். முடியாது என்று எழுந்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் அத்தா நொறுங்கிப் போவார். சின்னத்தா “அன்னைக்கே சொன்னேம்லா” என்பார். பிறகு ஆயுசுக்கும் நான் மெஷின் பக்கம் போக முடியாது.

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். “எங்கப்பனப் பத்தி இப்படி ஒருத்தன் எழுதியிருந்தா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியலம்மா. ஆனா தாள்ல கைவைக்காத. எழுதுனவகிட்டயே கேளு. அவளே மாத்தட்டும்” என்றார்.

மறுநாள் மெஷினை மூடிவிட்டு, நின்றுகொண்டு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அத்தா என்றால் அப்பா. அவர் என் அப்பா.

துரைசாணி பேனாவை வைத்தாள். முகம் சிவந்தது. நல்லவள்தான், வெட்கப்படத் தெரிந்தவள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். ஆனால் முதல் ஆறு அத்தியாயம் ஏற்கனவே கப்பலில் போய்விட்டதாம். பதிப்பாளருக்கு அந்தக் கிழவனைத்தான் ரொம்பப் பிடித்திருக்கிறதாம். இவ்வளவு உயிரோடு ஒரு கொடுமைக்காரனை அவர் படித்ததே இல்லை என்று கடிதம் வந்திருக்கிறதாம்.

“இது உன் கதை இல்லை, பாத்து. மும்தாஜின் கதை. உண்மையைச் சொல், உங்கள் தெருவில் கிழவனுக்கு வாழ்க்கைப்பட்ட பெண் ஒருத்திகூட இல்லையா?”

பொய் சொல்ல வரவில்லை. “ஒருத்தி இருக்கா” என்றேன். “பக்கத்து அக்ரகாரத்திலும் ஒருத்தி இருக்கா. சுரண்டையில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் வீட்டிலும் இருக்கா.”

மற்ற இரண்டும் அவள் காதில் விழவில்லை. “பார், நான் எழுதியது தப்பில்லையே!” என்றாள்.

“அப்படின்னா அவளப் பத்தி எழுதுங்கம்மா. நான் கூட்டிட்டுப் போறேன். ஆனா ஒண்ணு, அவ பேச ஆரம்பிச்சா நிறுத்தமாட்டா. அந்தக் கிழவர்தான் வாயத் தொறக்கப் பயப்படுவாரு.”

துரைசாணி பேனாவை மறுபடி கையில் எடுத்தாள். வெளியே சாரலைப் பார்த்தாள். பிறகு மென்மையாகச் சொன்னாள்: “வேண்டாம். அவள் பேசினால் புத்தகம் கெட்டுப்போகும்.”

நான் மூடியை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். மீதி அத்தியாயங்களையும் அடித்துக் கொடுத்தேன். கடைசியில் மும்தாஜ் அருவியில் குதித்தாள். வேறு எங்கே போவாள்? ஓர் எழுத்துப் பிசகாமல் மூன்று பிரதியில் செத்தேன். வெளியே வந்து “அத்தா, போவமா?” என்றேன். அவர் உடனே விரல்களைப் பிடித்துப் பார்த்தார்.

இரண்டு வருஷம் கழித்து நான் அரசு வேலையில் சேர்ந்துவிட்டேன். முதல் நாள் அத்தா வெளியே உட்காரவில்லை. அங்கே வெளியே உட்கார இடமில்லை. அறுபதுகள் பிறந்த பிறகு ஒருநாள் லண்டனிலிருந்து பார்சல் வந்தது. அட்டையில் கறுப்புத் துணிக்குள் இரண்டு கண்கள், பின்னால் பேரீச்ச மரம். உள்ளே முதல் பக்கத்தில் ஒரு வரி: ‘ஒரு சொல்லும் பேசாமல் எனக்கு எல்லாவற்றையும் சொன்ன பாத்துவுக்கு.’ நின்றுகொண்டு இவ்வளவு பேசினேனே, அது எந்தக் கணக்கிலும் சேரவில்லை. இந்த வரியைத்தான், அந்தப் பாத்து நான்தான் என்று தெரியாமலே, செல்வியின் மகள் தன் ஆராய்ச்சியில் அடிக்கோடிட்டு, நேரில் கண்ட சாட்சியம் என்று எழுதியிருக்கிறாள்.

அத்தா அப்போது படுக்கையில் இருந்தார். முட்டியோடு நெஞ்சும் சேர்ந்துகொண்டது. புத்தகத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் “எம்மவ அடிச்ச பொஸ்தகம்” என்று காட்டினார். ஒருநாள் பகலில் சின்னத்தா வந்திருந்தார். அத்தாவுக்கு அன்று தெம்பு வந்துவிட்டது.

“ஏட்டி பாத்து, நாம தெனமும் அங்கன போயி வந்தோமே, அதெல்லாம் இதுல இருக்கா?”

“இருக்கு, அத்தா.”

“நான் இருக்கனா?”

நான் அட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: “இருக்கீங்க.”

“அப்ப அந்த எடத்தப் படி. இங்கிலீஷ்லயே படி. கொழும்புல முப்பது வருசம் துரைமாருக்குத் துணி கிழிச்சவன், எனக்குக் கொஞ்சம் புரியும். இவனுக்கு அப்புறம் தமிழ்ல சொல்லு.”

சின்னத்தா காலை மடக்கி வசதியாக உட்கார்ந்துகொண்டார். தப்பிக்க வழியில்லை. ஏழாவது அத்தியாயத்தைப் பிரித்தேன். நான் அடித்த வரிகள், அச்சில். முதல் வரியிலேயே அந்தச் சொல் நின்றது. என் கண் ‘ஹஸ்பெண்ட்’ என்று பார்த்தது. என் வாய் ‘ஃபாதர்’ என்று சொன்னது.

“ஃபாதருன்னா நாந்தான?” என்றார் அத்தா.

“நீங்கதான்.”

அதற்குப் பிறகு அந்தச் சொல் வந்த இடத்திலெல்லாம் ‘ஃபாதர்’ என்றே படித்துக்கொண்டு போனேன். வேறு எதையும் மாற்றவில்லை. மாற்ற வேண்டியும் இருக்கவில்லை. அவளுடைய தகப்பன் மரத்தடியில் குடையோடு உட்கார்ந்திருந்தார். அவளைத் தன் பார்வையிலிருந்து அகலவிடவில்லை. சத்தம் நின்றால் ஜன்னலுக்கு வந்தார். மாலையில் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். பாதையில் முன்னால் போனார், அவள் பின்னால் போனாள். ‘அவர் உயிரோடு இருக்கும்வரை அவளை யாரும் நெருங்க முடியாது’ என்று அத்தியாயம் முடிந்தது. ஆங்கிலத்தில் ஒரு தடவை, சின்னத்தாவுக்காகத் தமிழில் ஒரு தடவை படித்தேன். அடிக்கும்போது வராத அழுகை படிக்கும்போது வந்தது. சாரலில் நனைந்த புத்தகம், எழுத்து தெளிவாக இல்லை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“கொலுசுன்னு சொன்னியே. நீ கொலுசு போட்டதில்லையே?” என்றார் அத்தா.

“கதைக்காகப் போட்டிருக்காங்க, அத்தா.”

“சரி, போடட்டும். கடைசியில அந்தப் புள்ளைக்கு என்னாச்சு?”

“பரீட்சையில பாஸாகி வேலைக்குப் போயிட்டா.”

சின்னத்தா தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார். அத்தா என்னிடமிருந்து புத்தகத்தை வாங்கி மூடி, அட்டையிலிருந்த அந்தக் கண்கள்மேல் கையை வைத்தபடி தம்பியைப் பார்த்தார்.

“பாத்தியாலே? வெள்ளக்காரின்னாலும் ஒரு எழுத்து மாத்தாம, உள்ளத உள்ளபடி எழுதியிருக்கா.”